அழுகை நான்கும் உவகை ஒன்றும்

தொல்காப்பியப் பொருளதிகாரத்து மெய்ப்பாட்டியலை மூன்றாமாண்டு வகுப்பில் நடத்தும்போதெல்லாம் மாணவர்கள் எண்ணிக்கையை மனனம் செய்வதிலேயே கருத்தாயிருப்பர். மெய்ப்பாடு எட்டு, ஒவ்வொன்றற்கும் நிலைக்களன் நான்கு, ஆக முப்பத்திரண்டு. தேர்வுக்கு அவ்வளவே போதும் என்பது அவர்தம் துணிவு. ஒருநாள் பின்வரிசையில் அமர்ந்திருந்த மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, அழுகைக்குரிய நான்கும் ஒருவனுக்கே வாய்த்துவிட்டால் அவனுக்கு உவகை எந்த வழியாக வரும்?" என்று வினவினான். வகுப்பு சிரித்தது. எனக்கு உடனே விடை கூற இயலவில்லை. பிற்பாடு கண்ட விடையை, அதை நான் கண்டுகொண்ட முறை எனக்குப் பெருமை தருவதன்று எனினும், இம்மலரின் வாயிலாக மாணவர்க்கும் பெற்றோர்க்கும் கூற விழைகிறேன்.

அழுகைக்கு நிலைக்களன்களாகத் தொல்காப்பியர் கூறுவன இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பன. பிறரால் இகழப்பட்டு எளியராதல் இளிவு. பெற்றோர் முதலிய சுற்றத்தையோ துய்த்துவந்த நலன்களையோ இழத்தல் இழவு. பண்டைய நிலை கெட்டு வேறொரு நிலைக்கு ஆளாகி வருந்துதல் அசைவு. வறுமைக்கு உரை வேண்டுவதில்லை. நம் மாணவருள் பலர் அதற்கு நம்மினும் நன்றாக உரை கூறுவர்.

உவகைக்கு அவர் கூறுவன செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு ஆகிய நான்கு. புலன் என்றது அறிவினை. விளையாட்டு என்பதற்கு ஆறும் குளமும் சோலையும் ஆடி ஊரெல்லை கடந்து சென்று வருதலை உரையாசிரியர் காட்டுவர். இந்நான்கனையும் துன்புறும் ஓர் இளைஞனிடம் வைத்து நோக்குக. செல்வம் அவனிடம் இல்லை. அறிவால் வரும் இன்பம் ஆண்டுகள் பல கழித்தே கனியும். புணர்வின்பத்திற்கு உரிய காலம் இன்னும் வரவில்லை. எஞ்சுவது விளையாட்டு ஒன்றே. இன்று மாலையே, காசின்றி, அவனுக்குக் கிடைக்கக்கூடிய உவகை அது. உவகைக்கு அல்லல் நீங்கியது என்னும் பொருள்பட ஓர் அடைமொழியையும் தொல்காப்பியர் சேர்க்கின்றார். இதற்குப் பிறவாறு உரைப்பாரும் உளர். துன்பம் தீராதிருக்கும்போதே மனம் அதனினின்று விலகி நிற்கும் சிறுபொழுது என்று கொள்வதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

பெரியவடகம்பட்டியில் ஒருவர்

ஏட்டில் உள்ள இக்கருத்துக்கு நாட்டில் சான்று உண்டா என்று தேடுவார்க்குச் சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டி போதும். 1995ஆம் ஆண்டு அவ்வூரில் பிறந்த மாரியப்பன் தங்கவேலு ஐந்து வயதுச் சிறுவனாகப் பள்ளிக்கு நடந்து செல்லுகையில் பேருந்து ஏறி வலக்காலின் கீழ்ப்பகுதி நசுங்கியது. தந்தை குடும்பத்தை விட்டு அகல, செங்கல் சுமந்தும் பின்னர்க் காய்கறி விற்றும் பிள்ளைகளை வளர்த்தவர் அன்னையார். மகனின் மருத்துவத்திற்கென வாங்கிய கடனை அவர் நெடுங்காலம் சுமந்தார். இழவும் அசைவும் வறுமையும் இங்குத் தாமே விளங்குகின்றன. கால் ஊனமுற்ற சிறுவனுக்கு ஊரில் இளிவு எத்துணை நேர்ந்திருக்கும் என்பதைக் கிராமத்தில் வளர்ந்த எவரும் ஊகித்துக்கொள்ளலாம். என் மாணவன் கேட்ட வினாவின் உருவமாகவே அச்சிறுவன் நின்றான்.

அவருக்கு முதலில் விருப்பமாயிருந்தது கைப்பந்து. உயரத் தாண்டலுக்கு அவரைத் திருப்பியவர் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். பதினான்காம் வயதில், ஊனமில்லாத மாணவர்களோடு கலந்துகொண்ட தம் முதற்போட்டியிலேயே இரண்டாமிடம் பெற்றார். 2013இல் தேசியப் போட்டியொன்றில் பயிற்சியாளர் சத்தியநாராயணா அவரைக் கண்டு, 2015இல் பெங்களூருக்கு அழைத்துப் பயிற்சியளித்தார். 2016 செப்டம்பரில் இரியோ நகரத்து மாற்றுத்திறனாளர் ஒலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். 2021இல் டோக்கியோவில் 1.86 மீட்டருடன் வெள்ளி. 2024இல் பாரிசில் 1.85 மீட்டருடன் வெண்கலம். பத்மஸ்ரீயும் அருச்சுனா விருதும் 2017இலும், கேல் ரத்னா 2020இலும் அவரை வந்தடைந்தன.

தங்கம், வெள்ளி, வெண்கலம் என்ற வரிசையைக் கண்டு இறங்குமுகம் என்பார் உளர். எட்டாண்டுகளில் குறைந்தது நான்கு சென்டிமீட்டர். ஒரு தீப்பெட்டியின் நீளம்கூட இல்லை. மூன்று ஒலிம்பிக்கிலும் தொடர்ந்து பதக்கம் பெறுவதற்கு ஒருவர் தம் உடலை எவ்வாறு காத்திருக்க வேண்டும் என்பதை அன்றோ நாம் நோக்க வேண்டும்!

டோக்கியோவில் நிகழ்ந்தது ஒன்றை மாணவர்க்கு நான் அடிக்கடி கூறுவதுண்டு. தொடக்க விழாவில் நாட்டுக் கொடியை ஏந்திச் செல்லத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அவரே. பயணத்தில் நோய்த்தொற்று உடையார் ஒருவர் அருகில் இருந்தமையால் தனிமைப்படுத்தப்பட்டு அப்பேற்றை இழந்தார். கொடியை வேறொருவர் ஏந்தினார். போட்டி நாளில் மழை. ஊனமுற்ற காலில் அணிந்திருந்த காலுறை நனைந்து இடர் தந்தது என்று பின்னர் அவரே கூறினார். 1.88 மீட்டரை அவரால் தாண்ட முடியவில்லை. தங்கம் அமெரிக்கருக்குச் சென்றது. ஐந்து வயதில் பேருந்தும் இருபத்தாறு வயதில் மழையும் அவரைக் கேட்டுக்கொண்டு வரவில்லை. ஆயினும் மூன்றாண்டு கழித்துப் பாரிசில் மீண்டும் கோலின் முன் வந்து நின்றார்.

உயரத் தாண்டலின் விதியே ஒரு பாடம். ஓர் உயரத்தில் கோலைத் தட்டிவிட்டால் மீண்டும் முயலலாம். தொடர்ந்து மும்முறை தவறினால் வெளியேற வேண்டும். தாண்டியவர்க்கோ கோல் மேலும் உயர்த்தப்படும். எனவே பெரும்பாலான போட்டிகளில் முதற்பரிசு பெற்றவரும் இறுதியில் கோலைத் தட்டிவிட்டே களத்தைவிட்டு வருகிறார். தவறாமல் முடித்தவர் என்று அங்கு ஒருவரைக் காண்பது அரிது. எந்த உயரத்தில் தவறினார் என்பதே கணக்கு. நம் பிள்ளைகள் வெளியுலகில் காணும் தோல்வி அத்தகையதன்று. தேர்வில் தவறினால் ஊர் பேசுகிறது. கடன் தவணை தவறினால் வாசலில் ஆள் வந்து நிற்கிறார். தோல்வி அங்கு அவமானமாகிவிடுகிறது. களத்தில் அது ஓர் எண். இவ்வேறுபாட்டை உடலால் அறிந்த இளைஞன் வெளியுலகத் தோல்வியையும் சற்று நிதானமாக எண்ணிப் பார்க்கக் கற்கிறான். திருக்குறளில் இடுக்கண் அழியாமை என்னும் அதிகாரத்தைப் பத்து மதிப்பெண்ணுக்குக் கற்பிக்கும் நாம், அதனைப் பயில்வதற்குரிய இடம் கல்லூரிக்குப் பின்னாலுள்ள மைதானம் என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறோம்.

பெரியோர் தடை

பெரியோர் சிலர் விளையாட்டால் படிப்புக் கெடும் என்பர். பெண்மக்கள் ஆடுவதை இன்னும் சிலர் விரும்புவதில்லை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு நபிகள் நாயகம் (ஸல்) ஓட்டப் பந்தயம் ஓடிய செய்தி அபூதாவூத் நபிமொழித் தொகுப்பில் உள்ளதை அவர்கள் அறியாதவரல்லர். நினைவூட்டுவது மட்டுமே என் வேலை. வடசென்னையைச் சேர்ந்த காசிமா என்னும் மாணவி ஆட்டோ ஓட்டுநரின் மகள். 2024 நவம்பரில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் நடந்த உலகக் கோப்பைக் கேரம் போட்டியில் ஒற்றையர், இரட்டையர், குழு என மூன்று தங்கங்களை வென்றார். அப்போது அவருக்கு வயது பதினேழு. கேரத்தில் உலகப் பட்டத்தை இருமுறை வென்று 1996இல் அருச்சுனா விருது பெற்ற மரிய இருதயமும் சென்னைக்காரரே. தெருமுனையில் நேரத்தைக் கொல்வது என்று நாம் ஒதுக்கிய பலகை அது! மைதானமும் வேண்டா, விலையுயர்ந்த காலணியும் வேண்டா. ஒரு பலகையும் விளக்கும் போதும். நம் ஊர்களில் இவ்விரண்டும் இல்லாத தெரு எது?

ஈண்டு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். ஆடினால் வறுமை நீங்கும், அரசு கோடி தரும் என்று மாணவரிடம் கூறுதல் நேர்மையன்று. பதக்கம் பெறுவோர் ஆயிரத்தில் ஒருவர்கூட அல்லர். பெற்றவர்க்கும் அது நிலைக்கும் என்பதில்லை. புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில், செங்கற்சூளைத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த சாந்தி சௌந்தரராசன் 2006இல் தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனையைக் காரணம் காட்டி அப்பதக்கத்தைப் பறித்தனர். எந்தக் களம் அவர்க்குப் பெருமிதம் தந்ததோ அதே களம் அவரை உலகறிய இளிவுக்கு ஆளாக்கியது. மீண்டும் செங்கற்சூளைக்கே கூலி வேலைக்குச் சென்றார். எனினும் அவர் ஓட்டத்தை வெறுத்து ஒதுங்கிவிடவில்லை. பயிற்சியாளர்க்குரிய படிப்பை முடித்துத் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பயிற்சியாளரானார். பதக்கத்தைப் பறித்தவர்களால் அவர் கால்கள் அறிந்ததைப் பறிக்க முடியவில்லை. விளையாட்டு இளைஞனுக்குத் தருவது எது என்று கேட்டால், பரிசை நீக்கிய பின்னும் எஞ்சுவது எதுவோ அது என்பேன்.

என் பிழை

இனி அந்த மாணவனிடம் வருகிறேன். வடமதுரைக்கு அருகிலுள்ள சிற்றூரினன். திண்டுக்கல்லிலிருந்து திருச்சி செல்லும் சாலையின் இருபுறமும் வேடசந்தூர்ப் பக்கமும் நூற்பாலைகள் மிகுதி என்பதை யாவரும் அறிவர். தந்தை இறந்தபின் தேநீர்க் கடை மூடப்பட்டது. கடன் மட்டும் மூடப்படவில்லை. அவன் ஒரு மில்லில் இரவு ஷிப்டுக்குச் சென்று, விடியலில் திரும்பி, தலையில் ஒட்டிய பஞ்சைத் தட்டிவிட்டுக் கல்லூரிப் பேருந்தைப் பிடிப்பான். முதல் மணிநேரத்தில் உறங்கிவிடுவான். மாலையில் ஊர்க் கபடி அணியோடு ஓரிரு மணிநேரம் ஆடிவிட்டு மீண்டும் மில்லுக்குச் செல்வான்.

வினா எழுப்பிய அன்றே அவனை அழைத்து இவற்றையெல்லாம் கேட்டறிந்தேன். அறிவுடையவன் போல் கணக்கிட்டேன். "தம்பி, மில்லை விட முடியாது, கல்லூரியை விடக்கூடாது, மிச்சம் கபடிதான். அதை விட்டுவிட்டு அந்த நேரத்தில் தூங்கு" என்றேன். கணக்கில் பிழை இல்லை. அவனும் "சரிங்க ஐயா" என்று தலையசைத்துச் சென்றான். சொன்னபடி கபடியை விட்டான். மூன்றாம் வாரம் கல்லூரிக்கு வருவதையும் விட்டான்.

அவனுடைய நாளில் அவனை எவரும் ஏவாத நேரம் அந்த மாலை ஒன்றுதான் என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. மில்லில் மேற்பார்வையாளர், வகுப்பில் நான், வீட்டில் கடன்காரர். களத்தில் மட்டுமே அவன் பெயரைச் சொல்லி ஆறு பேர் அவனுக்காகக் குரல் கொடுத்தனர். அதனை அறுத்தெறிந்த பின் மில்லுக்கும் கல்லூரிக்கும் அவனை இழுத்துச் செல்ல எதுவும் மிஞ்சவில்லை.

கபடியில் ஒரு விதி உண்டு. மாணவர்களிடமிருந்தே இதனைக் கற்றேன். ஆட்டமிழந்தவன் கோட்டுக்கு வெளியே சென்று அமர்வான். அவன் அணியினர் எதிரணியில் ஒருவரை வெளியேற்றினால், இவர்களுள் முதலில் வெளியே சென்றவன் மீண்டும் உள்ளே வருவான். வெளியே அமர்ந்திருப்பவன் தன் முயற்சியால் உள்ளே வர இயலாது. உள்ளே இருக்கும் ஒருவன் பாடிச் சென்று தொட்டு வர வேண்டும், அல்லது பாடி வந்தவனைப் பிடிக்க வேண்டும். உயரத் தாண்டலில் ஒருவர் தாமே மும்முறை முயலலாம். இங்கோ மறுவாய்ப்பைத் தோழன் ஈட்டித் தருகிறான். சில துன்பங்களுக்கு முன்னது பொருந்தும், சிலவற்றுக்குப் பின்னது.

நான் அவன் வீட்டுக்குக் கடிதம் எழுதினேன்; விடை இல்லை. அவன் அணித்தலைவனும் வேறு இருவரும் ஒருநாள் விடியலில் மில் வாசலிலேயே காத்திருந்தனராம். ஷிப்டு முடிந்து வந்தவனிடம் அறிவுரை ஏதும் கூறவில்லை. வரும் ஞாயிறு அய்யலூரில் ஆட்டம், ஆள் குறைகிறது என்று மட்டும் கூறினராம். இதனைப் பின்னர் அத்தலைவன் சொல்லக் கேட்டேன். துறைத்தலைவரிடம் பேசி, அவனுக்கு முதல் மணிநேர வருகையில் சற்றே நெகிழ்வு தர ஏற்பாடு செய்தேன். என்னால் இயன்றது அவ்வளவே.

அடுத்து வந்த திங்கட்கிழமை வகுப்பில் வெகுளியை முடித்து உவகைச் சூத்திரத்தைத் தொடங்கியிருந்தேன். கதவருகில் நின்று, "உள்ளே வரலாமா ஐயா?" என்ற குரல் கேட்டது. தலையில் பஞ்சு இருந்தது. வலது முழங்கையில் புதிதாக ஒரு சிராய்ப்பும் இருந்தது.