கயிறும் அங்கியும்

ஜொகூர் மாநிலத்தின் மூன்று பக்கமும் நீர் சூழ்ந்துள்ளது. கிழக்கே தென்சீனக் கடல், மேற்கே மலாக்கா நீரிணை, தெற்கே ஜொகூர் நீரிணை. இவற்றோடு மூவார், எண்டாவ், ஜொகூர் போன்ற ஆறுகளும் உள்ளன. கூக்குப்பில் மீன் பிடிப்பவர், ஆற்றில் தூண்டில் போடுபவர், மெர்சிங்கிலிருந்து தீவுகளுக்குச் செல்லும் சுற்றுப்பயணி எனப் பலரும் சிறிய மோட்டார் படகுகளில் ஏறுகின்றனர். இப்படகுகளில் செல்வோரின் உயிரைக் காக்க இரண்டு எளிய பொருள்கள் உள்ளன. ஒன்று, இயந்திரத்தை நிறுத்தும் கயிறு; மற்றொன்று, உயிர்காப்பு அங்கி. இரண்டுமே விலை மலிவானவை, பயன்படுத்த எளியவை. எனினும், படகில் இருந்தும் உடலில் இல்லாததால் இவை பயனற்றுப் போவதுண்டு.

ஓட்டுநர் இல்லாத படகு

சிறிய படகிலிருந்து ஒருவர் தவறி விழப் பெரும்புயல் தேவையில்லை. மழைக்குப் பின் ஆற்றில் மிதந்து வரும் மரக்கட்டையில் படகு மோதலாம். முகத்துவாரத்து மணல்திட்டில் உடையும் அலை படகைத் தூக்கிப் போடலாம். பெரிய கப்பல் கடந்து சென்றபின் எழும் அலையோ வேகமாக எடுக்கும் வளைவோ ஓட்டுநரை நிலைகுலையச் செய்யலாம்.

ஓட்டுநர் விழுந்ததும் படகு நின்றுவிடும் எனப் பலர் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. வேகத்தைக் கூட்டும் பிடி வைத்த இடத்திலேயே இருப்பதால் இயந்திரம் தொடர்ந்து ஓடும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் படகு, ஒரு நொடியில் ஏறத்தாழ 11 மீட்டர் கடக்கிறது. படகு நேராகச் சென்றால், ஒரு நிமிடத்தில் 660 மீட்டருக்கு அப்பால் போய்விடும். எவ்வளவு சிறந்த நீச்சல் வீரராலும் அதனை எட்டிப் பிடிக்க இயலாது.

படகு நேராகச் செல்லாவிட்டால் ஆபத்து இன்னும் பெரிது. திசைதிருப்பும் பிடியிலிருந்து கை விலகியதும், சுழலும் விசிறியின் விசை இயந்திரத்தை ஒரு பக்கமாகத் திருப்பிவிடும். அதனால் படகு வட்டமிடத் தொடங்கி, நீரில் விழுந்தவரை நோக்கியே திரும்பி வரக்கூடும். விசிறி நிமிடத்திற்கு 1,500 முறை சுழல்வதாகக் கொள்வோம். அவ்வாறெனில், நொடிக்கு 25 சுற்றுகள். மூன்று இதழ்கள் கொண்ட விசிறியாக இருந்தால், ஒரே நொடியில் 75 முறை ஓர் இதழ் வெட்டிச் செல்லும்.

கயிறு செய்யும் வேலை

இந்த ஆபத்தைத் தடுப்பதே இயந்திரத்தை நிறுத்தும் கயிற்றின் வேலை. சுருள் வடிவிலான அக்கயிற்றின் ஒரு முனை ஓட்டுநரின் தொடையிலோ உயிர்காப்பு அங்கியிலோ மாட்டப்படும். மறுமுனையில் உள்ள சிறிய கவ்வி, இயந்திரத்தின் நிறுத்துவிசையில் பொருந்தியிருக்கும். கவ்வி இருக்கும்வரை இயந்திரம் ஓடும். ஓட்டுநர் விழும்போது கயிறு இழுபட்டுக் கவ்வி கழன்றுவிடும். உடனே பெட்ரோல் இயந்திரத்திற்குத் தேவையான தீப்பொறி நின்று, விசிறியும் ஓய்ந்துவிடும். விழுந்தவரைப் படகு விட்டுச் செல்வதுமில்லை, அவர்மீது ஏறுவதுமில்லை.

கயிறு மாட்டப்படாததால் நேர்ந்த துயரத்திற்கு இங்கிலாந்தில் நடந்த விபத்து ஒன்று சான்றாகும். 2013ஆம் ஆண்டு மே 5ஆம் நாள், கார்ன்வால் வட்டாரத்தின் பேட்ஸ்டோ நகருக்கு அருகில் ஒரு குடும்பத்தினர் படகில் உல்லாசமாகச் சென்றனர். வேகமாகத் திரும்பியபோது படகிலிருந்த ஆறு பேரும் நீரில் வீசப்பட்டனர். ஆளில்லாத படகு வட்டமிட்டு அவர்கள்மீதே மோதியது. தந்தையும் 8 வயது மகளும் உயிரிழந்தனர். தாயும் மகனும் படுகாயமடைந்தனர். வேறொரு படகில் வந்தவர் துணிந்து தாவி ஏறிய பிறகே படகு நின்றது. நிறுத்தும் கயிறு அப்படகில் இருந்தது. ஆனால், அது ஓட்டுநரின் உடலோடு பிணைக்கப்பட்டிருக்கவில்லை. இதனை விபத்தை ஆராய்ந்த அரசு விசாரணைக் குழு சுட்டிக்காட்டியது.

அமெரிக்காவில் இக்கயிற்றின் பயன்பாடு சட்டமாகவே ஆக்கப்பட்டுள்ளது. 26 அடிக்கும் குறைவான நீளமுள்ள படகில் நிறுத்துவிசை பொருத்தப்பட்டிருந்தால், வேகமாகச் செல்லும்போது ஓட்டுநர் அதனைப் பயன்படுத்த வேண்டும் என்ற விதி 2021 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளது.

அங்கி செய்யும் வேலை

கயிறு படகை நிறுத்தும். மனிதனை மிதக்க வைக்காது. அதற்கு உயிர்காப்பு அங்கி வேண்டும். மனித உடலின் அடர்த்தி நீரின் அடர்த்திக்கு மிக நெருக்கமானது. எனவே, நீரில் தலையை மேலே நிறுத்த ஒருவருக்குச் சில கிலோகிராம் அளவே கூடுதல் மிதப்பு தேவைப்படுகிறது. அங்கிகளின் மிதப்பு விசை நியூட்டன் அலகில் குறிக்கப்படுகிறது. 50 நியூட்டன் அளவுள்ளவை, நீந்தத் தெரிந்தவருக்குக் கரையோரத்தில் உதவுபவை. 100 நியூட்டன் அளவுள்ளவை, அமைதியான நீர்நிலைகளுக்கு ஏற்றவை. 150 நியூட்டன் அளவுள்ளவை கடலுக்கு உரியவை. மயங்கியவரின் முகத்தை மேல்நோக்கித் திருப்பும் வகையில் அவை வடிவமைக்கப்பட்டுள்ளன.

“எனக்கு நீச்சல் தெரியும், அங்கி எதற்கு?” என்று கேட்போர் உண்டு. நீச்சல் தெரிந்தவரும் விழும்போது தலையில் அடிபட்டு மயங்கலாம். நீரோட்டத்தை எதிர்த்துக் களைத்துப் போகலாம். “விழுந்தால் எடுத்து அணிந்துகொள்ளலாம்” என்பதும் தவறான கணக்கே. அலையில் தத்தளிக்கும் ஒருவர் இருக்கைக்கு அடியில் கிடக்கும் அங்கியைத் தேடி எடுத்து, வாரை இறுக்க முடியாது. 2022ஆம் ஆண்டு அமெரிக்கக் கடலோரக் காவல் படையின் கணக்கு இதனை உணர்த்துகிறது. உல்லாசப் படகு விபத்துகளில் இறந்தோரில் 75 விழுக்காட்டினர் நீரில் மூழ்கியே இறந்தனர். மூழ்கியவர்களுள் அங்கி பற்றிய விவரம் தெரிந்தோரில் 85 விழுக்காட்டினர் அதனை அணிந்திருக்கவில்லை.

கடலில் தனித்துவிடப்பட்டால்

படகைப் பிரிந்தவரைக் கண்டுபிடிப்பது எவ்வளவு கடினம் என்பதை ஜொகூர் மக்கள் நேரிலேயே கண்டனர். 2022ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள், மெர்சிங் கடலில் உள்ள தோக்கோங் சங்கோல் பகுதியில் முக்குளித்த நான்கு பேர், மேலே வந்தபோது தங்கள் படகைக் காணவில்லை. இது கயிற்றால் நேர்ந்த விபத்தன்று. ஆயினும், ஆட்களும் படகும் பிரிந்தால் என்னவாகும் என்பதை இது காட்டுகிறது. நீரோட்டம் அவர்களை இழுத்துச் சென்றது. மலேசியக் கடல்சார் அமலாக்க நிறுவனம் தலைமையில் கடலிலும் வானிலும் தேடுதல் நடைபெற்றது. ஒருவர் மறுநாள் மீட்கப்பட்டார். ஏப்ரல் 9ஆம் நாள் மேலும் இருவரை மீனவர்கள் கண்டெடுத்தனர். 14 வயதுச் சிறுவன் மட்டும் உயிர் பிழைக்கவில்லை. பரந்த கடலில் ஒரு மனிதத் தலை சிறு புள்ளியே. அதனால்தான் உயிர்காப்பு அங்கிகள் பளிச்சென்ற நிறத்திலும் ஒளி எதிரொளிக்கும் பட்டையோடும் ஊதலோடும் செய்யப்படுகின்றன.

புறப்படும் முன்

கரையை விட்டு நீங்கும் முன்னரே பாதுகாப்புத் தொடங்க வேண்டும். இயந்திரத்தை இயக்கியதும் கவ்வியை இழுத்துப் பார்த்து, இயந்திரம் நிற்கிறதா எனச் சோதிக்க வேண்டும். ஓட்டுநர் மாறினால் கயிறும் அவருக்கு மாற வேண்டும். ஓட்டுநர் கயிற்றோடு விழுந்துவிட்டால், மற்றவர் படகை மீண்டும் இயக்கி அவரை மீட்க ஒரு மாற்றுக் கயிறு படகில் இருப்பது இன்றியமையாதது. நீரில் இருப்பவரை ஏற்றும்போது இயந்திரம் முழுவதும் நிறுத்தப்பட்டிருக்க வேண்டும்.

அங்கி, அணிபவரின் எடைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். பெரியவரின் அங்கியைச் சிறுவருக்கு மாட்டினால், நீரில் அது தலைவழியே கழன்றுவிடும். வார்களை இறுக்கியபின் தோள் பகுதியைப் பிடித்து மேலே தூக்கிப் பார்க்கலாம். தாடையையும் காதையும் தாண்டி அங்கி எழுந்தால் அது பொருந்தவில்லை என்பது பொருள். வடகிழக்குப் பருவக்காற்று வீசும் நவம்பர் முதல் மார்ச் வரையிலான காலத்தில் ஜொகூரின் கிழக்குக் கரையில் அலைகள் உயரும். அப்போது வானிலை அறிவிப்பைப் பார்த்து, பயணத்தைத் தள்ளிப் போடுவதே அறிவுடைமை. ஆபத்து நேர்ந்தால் 999 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.

வெயிலில் அங்கி புழுக்கமாக இருக்கும். கயிறு கை கால் அசைவுக்கு இடைஞ்சலாகத் தோன்றும். இந்தச் சிறு சிரமங்களே பலரை அவற்றைக் கழற்றி வைக்கத் தூண்டுகின்றன. ஆனால், வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பது முன்னோர் வாக்கு. ஆணியில் தொங்கும் கயிறும் மூலையில் கிடக்கும் அங்கியும் எவரையும் காப்பாற்றியதில்லை. அவை உடலோடு சேரும்போதே உயிர்க்காவலாக மாறுகின்றன.