‘மின்கசிவு’ என்று எழுதுவதற்கு முன்

போன மாதம் கோவையில், காப்பீட்டு நிறுவன அதிகாரிகளுக்கும் இழப்பை மதிப்பிடும் சர்வேயர்களுக்கும் இழப்பீட்டு வழக்குகள் நடத்தும் வக்கீல்களுக்கும் தடயப் பொறியியல் பற்றி இரண்டு நாள் வகுப்பு எடுத்தேன். முதல் நாள் காலையில், எப்போதும் செய்வதுபோல, எரிந்த கம்பித் துண்டு ஒன்றை மேஜைமேல் வைத்தேன். ஒரு விரல் நீளம். பிளாஸ்டிக் உறை கருகி உதிர்ந்துவிட்டது. செம்பு கறுத்துக் கிடந்தது. நுனியில் மட்டும் கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக, பளபளவென்று ஓர் உருண்டை மணி.

“இது என்ன சொல்லுது?” என்று கேட்டேன்.

முன்வரிசையில் இருந்த மூத்த சர்வேயர் யோசிக்கவே இல்லை. “மின்கசிவு மேடம். தீ இங்கதான் பிடிச்சிருக்கு.” பின்னால் இருந்த நாற்பது பேரும் தலையாட்டினார்கள்.

இருபது வருஷமாக நான் கேட்கும் பதில் இதுதான். குடிசை எரிந்தாலும் பனியன் குடோன் எரிந்தாலும் மறுநாள் செய்தித்தாளில் மின்கசிவு. எஃப்.ஐ.ஆரில் மின்கசிவு. சர்வே ரிப்போர்ட்டில் மின்கசிவு. பதினெட்டு மாதம் கழித்து நுகர்வோர் ஆணையத்தில் வக்கீல் எழுந்து நின்று சொல்வதும் மின்கசிவு. அந்த மெயின் போர்டின் மூடியை யாராவது கழற்றிப் பார்த்தீர்களா என்று கேட்டால் பதில் வருவதில்லை.

முதலில் அந்தச் சொல்லையே எடுத்துக்கொள்வோம். கசிவு என்றால் ஒழுகுவது. மின்சாரம் தன் பாதையை விட்டு ஈரச் சுவர் வழியாகவோ கிரைண்டரின் உடம்பு வழியாகவோ பூமிக்கு ஒழுகுகிறதே, அதுதான் மின்கசிவு. தொட்டால் ஷாக் அடிக்கும். கசிவைக் கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. போட்டிருந்தால் அது விழும். ஃபேஸும் நியூட்ரலும் நேராக ஒட்டிக்கொள்வது ஷார்ட் சர்க்யூட். அது வேறு சங்கதி. இரண்டும் இல்லாமல், ஸ்க்ரூ தளர்ந்து இணைப்பு சூடேறுவது மூன்றாவது. நம் பத்திரிகைகள் மூன்றையும் ஒரே சொல்லில் அடைத்துவிட்டன. அந்தச் சொல்லை அப்படியே தூக்கிச் சட்ட ஆவணத்தில் வைப்பவர்கள்மேல்தான் எனக்குக் கோபம். தீக்காப்பீட்டுப் பாலிசியின் விலக்குப் பிரிவில் ஷார்ட் சர்க்யூட், ஆர்க், தானே சூடேறுதல், மின்கசிவு என்று ஒவ்வொன்றும் தனித்தனிச் சொல்லாக இருக்கிறது. பாலிசியைப் படித்தவர்கள் இவற்றைக் கலந்து எழுதலாமா?

இந்தக் காரணம் எப்படிப் பிறக்கிறது என்று பின்னோக்கிப் போய்ப் பாருங்கள். இரவு இரண்டு மணிக்கு தீயணைப்பு வண்டி வருகிறது. தீயை அணைக்கவும் ஆளைக் காப்பாற்றவும்தான் அவர்கள் வருகிறார்கள். அணைத்து முடித்ததும் படிவத்தில் ‘உத்தேசக் காரணம்’ என்ற இடத்தை நிரப்ப வேண்டும். வாட்ச்மேனைக் கேட்கிறார்கள். “கரண்டு போர்டுல பொறி பறந்துச்சுங்க” என்கிறார் அவர். ‘மின்கசிவாக இருக்கலாம்’ என்று எழுதப்படுகிறது. அந்த ‘இருக்கலாம்’ போலீஸ் ஸ்டேஷனில் உதிர்ந்துவிடுகிறது. நிருபர் ஸ்டேஷனில் கேட்டு எழுதுகிறார். சர்வேயர் பத்திரிகைத் துணுக்கையும் எஃப்.ஐ.ஆரையும் இணைத்து, ‘ஆவணங்கள் ஒன்றையொன்று உறுதிசெய்கின்றன’ என்று முடிக்கிறார். நான்கு காகிதம், ஒரே ஒரு வாட்ச்மேன். அவரும் பொறியைப் பார்த்தபோது தீ கூரையைத் தொட்டிருந்தது.

இனி அந்தச் செம்பு மணிக்கு வருகிறேன். செம்பு உருக 1085 டிகிரி செல்சியஸ் வேண்டும். மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும் கம்பியைத் தீ சுற்றி வளைத்தால் பி.வி.சி. உறை இளகி, கருகி, கரியாகிவிடும். கரி மின்சாரத்தைக் கடத்தும். ஃபேஸும் நியூட்ரலும் அந்தக் கரி வழியாகச் சந்தித்துக்கொள்ளும்போது ஆர்க் அடிக்கும். அந்த ஒரு புள்ளியில் செம்பு உருகி மணியாக உருளும். அதாவது, எங்கோ மூலையில் அணையாத பீடி பற்றவைத்த தீ கூரைக்கு ஏறினாலும், கூரைக் கம்பியில் இதே மணி உருவாகும். தீ வந்த நேரத்தில் கம்பியில் கரண்டு இருந்தது என்பதுதான் மணி தரும் சாட்சியம். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தால், காக்கைதான் தள்ளியது என்று எழுதலாமா?

தீ விசாரணைக்கு உலகம் முழுக்கப் பயன்படுத்தும் கையேடு அமெரிக்காவின் என்.எஃப்.பி.ஏ. 921. முதல் பதிப்பு 1992-இல் வந்தது. மணியை மட்டும் வைத்து அது தீக்குக் காரணமா, தீயின் விளைவா என்று முடிவுகட்டக் கூடாது என்று அது எச்சரிக்கிறது. முப்பது வருஷத்துக்கு மேலாகியும் நம் சர்வே ரிப்போர்ட்டுகளில் மணியின் குளோசப் படத்துக்குக் கீழே ‘தீயின் தொடக்கப் புள்ளி’ என்றே எழுதிக்கொண்டிருக்கிறோம்.

மணிக்குப் பயன் இல்லாமல் இல்லை. ஒரே லைனில் மூன்று இடத்தில் மணி இருந்தால், மின்சாரம் வரும் பக்கத்திலிருந்து தொலைவில் இருப்பது முதலில் உருவாகியிருக்கவே வாய்ப்பு அதிகம். அருகில் கம்பி அறுந்துவிட்டால் அதற்கு அப்பால் கரண்டு போகாதல்லவா? தீ எந்தப் பக்கமிருந்து நகர்ந்தது என்று யோசிக்க அது உதவும். ஆனால் அதற்கு லைனை முழுக்கத் தடம் பிடித்து, ஒவ்வொரு எம்.சி.பி. பிரேக்கரும் எந்த நிலையில் இருந்தது என்று குறிக்க வேண்டும். அரை நாள் வேலை.

ஒரு நூற்பாலையின் பஞ்சு குடோன் எரிந்ததைப் பார்க்கப் போயிருந்தேன். டியூப் லைட் லைனில் மணி. ஆகவே மின்கசிவு என்று ரிப்போர்ட் தயாராகிவிட்டது. தரையைப் பார்த்தேன். சுவர் ஓரமாக ஒரு குவியல் இருந்த இடத்தில் சிமெண்டு வெளுத்திருந்தது. அங்கிருந்துதான் சுவரில் கரி மேலே விரிந்து போயிருந்தது. பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் புளோ ரூமின் லாக் புத்தகத்தைக் கேட்டேன். அன்று மதியம் அடைப்பு எடுக்க இருபது நிமிஷம் மிஷினை நிறுத்தியிருக்கிறார்கள். எடுத்த பஞ்சை எங்கே போட்டீர்கள் என்று அந்த ஷிப்டுத் தொழிலாளியைக் கேட்டபோது, அவர் விரல் நீட்டியது அதே மூலையை. கழிவைக் கிளறியதில் பேல் கட்டும் இரும்புப் பட்டையின் துண்டு ஒன்று கிடைத்தது, ஒரு பக்கம் அடிபட்டு வளைந்து. அங்கே பஞ்சை அடிக்கும் பீட்டரில் இரும்பு மோதிப் பொறி பறப்பது நூற்பாலைக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். பொறி விழுந்த பஞ்சு வெளியே தெரியாமல் மணிக்கணக்கில் உள்ளுக்குள் கனன்றுகொண்டே இருக்கும். ‘மின்கசிவு’ என்ற ரிப்போர்ட்டோடு அந்த ஆலையை விட்டிருந்தால் வயரிங்கை மாற்றியிருப்பார்கள். புளோ ரூமில் இரும்பைப் பிடிக்கும் கருவி பழுதாகவே கிடந்திருக்கும்.

மின்சாரத்தால் தீயே வராது என்று நான் சொல்லவில்லை. வருகிறது, நிறையவே வருகிறது. ஆனால் முழு ஷார்ட் சர்க்யூட் என்றால் நல்ல எம்.சி.பி. கண்ணிமைக்கும் நேரத்துக்குள் விழுந்துவிடும். ஆபத்து தளர்ந்த இணைப்பில்தான். பத்து ஆம்பியர் ஓடும் இணைப்பில் அரை ஓம் தடை சேர்ந்தால் அந்த ஒரு புள்ளியில் 50 வாட் சூடு. ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் அயர்னுக்கே 25 வாட் போதும். ஓடுவது பத்து ஆம்பியர்தான் என்பதால் எம்.சி.பி. அசையாது, பூமிக்கு எதுவும் கசியவில்லை என்பதால் ஆர்.சி.சி.பி.யும் அசையாது. மாதக்கணக்கில் பிளாஸ்டிக் வெந்துகொண்டே இருக்கும்.

1997 ஜூன் 13-ஆம் தேதி டெல்லியில் உபஹார் தியேட்டர் எரிந்தது. 59 பேர் இறந்தார்கள். அன்று காலையிலேயே தரைத்தளத்து டிரான்ஸ்பார்மரில் சிறிய தீ ஏற்பட்டு, மின்வாரிய ஊழியர்கள் வந்து சரிசெய்துவிட்டுப் போயிருந்தார்கள். கேபிள் முனையில் லக் என்ற உலோக இணைப்பியை அழுத்திப் பொருத்தும்போது கிரிம்பிங் மிஷின் பயன்படுத்தவில்லை. சுத்தியலால் அடித்து ஒட்டியிருந்தார்கள் என்பது நீதிமன்றப் பதிவில் இருக்கிறது. மாலையில் அந்த இணைப்பு தளர்ந்து பொறி பறந்தது. கேபிள் கழன்று டிரான்ஸ்பார்மரின் ரேடியேட்டரில் பட்டுத் துளையிட்டது. எண்ணெய் கொட்டித் தீப்பிடித்தது. புகை மாடிப்படி வழியாக மேலேறி பால்கனியில் இருந்தவர்களை மூச்சுத்திணறக் கொன்றது. ‘மின்கசிவு’ என்று ஒரே வரியில் முடித்திருந்தால், அந்தச் சுத்தியல் வெளியே வந்திருக்காது. யார் பொறுப்பு என்ற கேள்வியே எழுந்திருக்காது.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு இடம் தேவையில்லை.

கண்ணாடி வலைபோல விரிசல் விட்டிருந்தால் யாரோ பெட்ரோல் ஊற்றியிருக்கிறார்கள் என்பார்கள். சூடான கண்ணாடிமேல் தீயணைப்புத் தண்ணீர் பட்டாலே அப்படி விரிசல் விடும். டெக்சஸில் தீவைப்பு வழக்கு ஒன்றில் கேமரன் டாட் வில்லிங்ஹாமுக்குத் தண்டனை வாங்கித்தந்த சாட்சியத்தில் இதுவும் ஒன்று. 2004-இல் அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. சாட்சியத்தின் அறிவியல் அடிப்படை தவறு என்று வல்லுநர்கள் பின்னர் அடுக்கடுக்காக எழுதினார்கள். இந்த ஒரு வழக்கை மட்டுமாவது எல்லா வக்கீல்களும் படிக்க வேண்டும்.

கான்கிரீட் பெயர்ந்திருந்தால் எண்ணெய் ஊற்றிய அடையாளம் என்பதும் அப்படித்தான். கான்கிரீட்டுக்குள் இருக்கும் ஈரம் ஆவியானாலே பெயரும். மரம் முதலைத் தோல்போலக் கருகியிருந்தால் வேகமான தீ என்பதற்கும் ஆதாரம் இல்லை.

சர்வேயர் சொன்னால் அதுவே முடிவு என்று நினைப்பவர்கள் பிரதீப்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2009-இல் சொன்னதைப் பார்க்கட்டும்: சர்வே ரிப்போர்ட் முக்கியம்தான், ஆனால் அது இறுதி வார்த்தை அல்ல. பி.இ. படித்தவரெல்லாம் வல்லுநர் என்ற எண்ணமும் வேண்டாம். சாட்சியச் சட்டத்தின் பழைய 45-ஆம் பிரிவு போய் 2024 ஜூலை முதல் பாரதிய சாட்சிய அதினியத்தின் 39-ஆம் பிரிவு வந்திருக்கிறது. வல்லுநர் கருத்தை அது ‘வேறு எந்தத் துறைக்கும்’ விரித்திருக்கிறது. கதவு அகலமானால், உள்ளே வருபவரைக் குறுக்கு விசாரணையில் சலித்தெடுக்கும் பொறுப்பும் வக்கீலுக்குக் கூடுகிறது. கேட்கத் தெரிய வேண்டுமே!

வகுப்பில் ஓர் இளம் வக்கீல் நல்ல கேள்வி ஒன்று கேட்டார். “மேடம், முதித் ரோடுவேஸ் வழக்குல 2023-ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சே, பாலிசிதாரர் தானே தீ வைக்கலைன்னா காரணம் முக்கியமில்லைன்னு? அப்புறம் எதுக்கு இவ்வளவு ஆராய்ச்சி?” தீர்ப்பு சரியான தீர்ப்பு. காரணம் தெரியவில்லை என்று சொல்லியே கிளெய்மை இழுத்தடித்த பழக்கத்துக்கு அது முடிவு கட்டியது. ஆனால் அந்தத் தீர்ப்பு யாருடைய கண்ணையும் மூடச் சொல்லவில்லை. எரிந்தது மின் மோட்டாரா, பக்கத்திலிருந்த பஞ்சா? ஷார்ட் சர்க்யூட்டில் பழுதான அந்த ஒரு கருவிக்குத்தான் விலக்கு. அதிலிருந்து பரவிய தீயில் எரிந்த மற்றவற்றுக்கு விலக்கு இல்லை. இந்தக் கோட்டை எங்கே போடுவீர்கள்? குவித்து வைத்த சரக்கு தானே சூடேறித் தீப்பிடித்ததா? அதற்குச் சில பாலிசிகளில் தனி விலக்கு. மட்டமான பிரேக்கரை விற்றவரிடம் காப்பீட்டு நிறுவனம் பணத்தைத் திரும்பக் கேட்க முடியுமா? எல்லாவற்றுக்கும் காரணம் வேண்டும். ஜுவாரி இண்டஸ்ட்ரீஸ் வழக்கைப் பாருங்கள். ஸ்விட்ச் போர்டில் நொடிப்பொழுது பற்றிய தீ, அதனால் மின்தடை, தண்ணீர் நின்றது, பாய்லர் பழுது. அந்தச் சங்கிலியை ஒவ்வொரு கண்ணியாக எடுத்துக் காட்டியதால்தான் 2009-இல் அதைத் தீயின் இழப்பு என்று உச்ச நீதிமன்றம் ஏற்றது.

அதனால் நான் எல்லா வகுப்பிலும் மன்றாடுவது ஒன்றுதான்: எரிந்த போர்டைக் காயலான் கடைக்குப் போட விடாதீர்கள். தொடாமல் படம் எடுங்கள். அளவுகோல் வைத்து, தூரத்திலிருந்தும் கிட்டத்திலிருந்தும் எடுங்கள். எந்த பிரேக்கர் விழுந்தது, எது விழவில்லை என்று வெள்ளைத் தாளில் குறியுங்கள். சாக்கில் கட்டி, யார் யார் கையெழுத்தில் எங்கே இருக்கிறது என்று எழுதிப் பூட்டுங்கள். ஒவ்வொரு மண்டல அலுவலகத்திலும் இதற்கு ஓர் அலமாரி வேண்டும். ஃபைலுக்கு இடம் இருக்கிறது, ஆதாரத்துக்கு இடம் இல்லை என்றால் எப்படி? காப்பீட்டு நிறுவனங்கள் பிரீமியத்தில் சலுகை தரும்போது, இந்த ஆலையின் எலக்ட்ரீஷியனிடம் கிரிம்பிங் டூல் இருக்கிறதா என்று ஒரு வரி கேட்டால் என்ன? கம்பியை முறுக்கி வாயால் கடித்துச் சொருகும் ஊரில் லக் போடும் கருவி ஒரு நாளில் பத்துத் தீயைத் தடுக்கும். இதை நான் எழுதாத பத்திரிகை இல்லை, எழுதிக்கொண்டேதான் இருப்பேன்.

இரண்டாம் நாள் மதியச் சாப்பாட்டு வேளையில் அந்த மூத்த சர்வேயர் வராந்தாவில் நின்று போனில் யாரையோ அதட்டிக்கொண்டிருந்தார். போன வாரம் அவர் பார்த்துவிட்டு வந்த ஒரு சாயப்பட்டறை. ரிப்போர்ட் இன்னும் அனுப்பவில்லையாம். “வண்டியில ஏத்தியாச்சா? இறக்குங்க. நான் சாயங்காலம் வர்றேன், அதுவரைக்கும் அந்த போர்டை யாரும் தொடக்கூடாது.” போனை வைத்துவிட்டு என்னிடம் வந்து, அந்தக் கம்பித் துண்டை இன்னொரு முறை பார்க்கலாமா என்று கேட்டார்.