ஒயில் குடிக்கும் பழைய கார்

2020 முதல் 2025 தொடக்கம்வரை இலங்கையில் கார் இறக்குமதி தடைப்பட்டிருந்ததால், முல்லைத்தீவிலும் பழைய கார்களையே பார்த்துப் பராமரித்து ஓட்டவேண்டியிருக்கிறது. ஒயில் குறைகிறதென்றால் உடனே என்ஜினைக் கழற்ற விடாதீர்கள். இரவில் காரின் கீழே பழைய கடதாசி மட்டையை விரித்துவையுங்கள். கறை விழுந்தால் கசிவு. காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் நீலப்புகை வந்தால் பெரும்பாலும் வால்வ் சீல்தான், அது ஒப்பீட்டளவில் சின்ன வேலை. வேகமெடுக்கும்போதெல்லாம் புகைத்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கும், செலவு கூட. என்ஜினைக் கழற்றுமுன், அதன் அடிப்பகுதியில் சேரும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வைப் பார்க்கச் சொல்லுங்கள். மலிவான சாமான், ஆனால் கராஜில் பலர் மறப்பது அதைத்தான்.

1,000 கிலோமீற்றருக்கு 1 லீற்றருக்கு மேல் குறைந்தால் தள்ளிப்போட வேண்டாம். பரந்தன் வீதியில் தூரப்பயணம் வெளிக்கிடுமுன், சமதரையில் என்ஜின் ஆறியபின் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். மேல்கோட்டைத் தாண்டி ஊற்றுவதும் கெடுதிதான்.