கைத்திறனுக்குத் தகைமைச் சான்றிதழ் பெறும் வழி

ஸ்பிரிங்வெளியிலும் நமுனுகுலை மலைச்சாரலின் ஏனைய தோட்டங்களிலும், சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்தி, பதுளை நகரத்து மோட்டார் பட்டறையிலோ கொழும்பின் வெல்டிங் கடையிலோ சில வருஷம் உழைத்து, தொழிலின் நுட்பமெல்லாம் கைவரப்பெற்ற பின்னும், வேலை விண்ணப்பத்தில் ‘தகைமை’ என்னும் இடத்தை வெறுமையாக விட்டுவரும் பிள்ளைகள் அநேகர். அதை நிரப்புவதற்கு அவர்கள் மறுபடியும் வகுப்பில் அமர வேண்டியதில்லை. தெரிந்த தொழிலைச் செய்து காட்டித் தேசிய தொழில் தகைமை பெற இந்நாட்டில் ஏற்பாடு உண்டு.

என்.வி.கியூ. என்று வழங்கும் இத்தகைமை ஏழு மட்டங்கள் கொண்டது. முதல் நான்கும் சான்றிதழ், 5உம் 6உம் டிப்ளோமா, 7 பட்டம். மேற்பார்வையின்றித் தனித்துத் தொழில் செய்ய வல்லவனுக்குரியது 4ஆம் மட்டம். நம் பிள்ளைகள் குறிவைக்க வேண்டியது அதுவே.

பிள்ளை இன்னும் பாடசாலையில் இருந்தால், 2017இல் தொடங்கிய 13 வருட உத்தரவாதக் கல்வியின் தொழிற்பிரிவு எந்தப் பாடசாலையில் நடைபெறுகிறது என்று அதிபரிடமோ வலயக் கல்விக் காரியாலயத்திலோ முதலில் விசாரியுங்கள். சாதாரண தரத்தில் சித்தியடையாதவரும் அதிற் சேரலாம். அது 4ஆம் மட்டத்துக்கே வழிகாட்டுவது.

பாடசாலையை விட்டவர்களுக்கு உரியது, முன்கற்றலை அங்கீகரிக்கும் மதிப்பீடு. நைட்டா என்று வழங்கும் தேசிய பயிலுநர், கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபையின் பதுளைக் காரியாலயத்தில் ‘ஆர்.பி.எல்.’ என்று கேட்டால் விளங்கும். ஆனால், அங்கே போவதற்கு முன் பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் அருகருகே வைத்து, பெயர் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். தோட்டத்துப் பதிவுகளில் ஒரே பிள்ளையின் பெயர் மூன்று விதமாக எழுதப்பட்டிருப்பதுண்டு. அந்தப் பிழை சான்றிதழிலும் ஏறிவிட்டால் பிற்பாடு திருத்துவது பெரும் பிரயாசை. ஆகவே பிரதேச செயலகத்தில் முன்கூட்டியே திருத்திக்கொள்ளுதல் உத்தமம்.

அடுத்தது அனுபவத்துக்கு ஆதாரம் சேர்த்தல். எந்தத் திகதி முதல் எந்தத் திகதி வரை, என்னென்ன வேலை செய்தார் என்று பட்டறை முதலாளி எழுதிக் கையொப்பமிட்ட கடிதம், வேலை செய்யும்போது எடுத்த புகைப்படங்கள், பற்றுச்சீட்டுகள் ஆகியவற்றை ஒரு கோவையில் திகதி வரிசையாக அடுக்குக. ‘நல்ல பையன், ஒழுக்கமானவன்’ என்று மாத்திரம் எழுதிய கடிதத்தால் பிரயோசனமில்லை. சுயதொழில் செய்பவர் கிராம உத்தியோகத்தர் வாயிலாகத் தம் தொழிலை உறுதிப்படுத்திக்கொள்ளலாம்.

விண்ணப்பிக்கும்போதே, மதிப்பீடு தமிழில் நடைபெற வேண்டுமென்று எழுத்தில் கேளுங்கள். தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழியாதலின் அதைக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

மதிப்பீட்டுக்கு ஆயத்தமாகும்போதுதான் மிகுந்த சிரத்தை வேண்டும். ஒவ்வொரு தொழிலுக்கும் வகுக்கப்பட்ட தேர்ச்சி நியமத்தைக் கையிற்கொண்டே மதிப்பீட்டாளர் வருவார். வேலை முடிந்ததா என்பதோடு, செய்த முறையையும் அவர் கவனிப்பார். மோட்டார் சைக்கிளின் டெப்பட் இடைவெளியைச் சத்தத்தைக் கேட்டே சரிசெய்துவிடும் பையன், ஃபீலர் கேஜ் கொண்டு அளந்து, அளவை வாய்விட்டுச் சொல்லப் பழக வேண்டும். செருப்போடு வேலை செய்பவன் சப்பாத்து அணிய வேண்டும். பழைய எண்ணெயை வடிகாலில் ஊற்றாமல் பாத்திரத்தில் பிடிக்க வேண்டும். கைக்குத் தெரிந்ததை ஏன் அப்படிச் செய்தாய் என்ற வினாவுக்கு விடையாகச் சொல்லத் தெரியாமல் நிற்பதே நம் பிள்ளைகளின் பிரதான குறை என்பது என் அபிப்பிராயம். வீட்டில் யாரேனும் ஒருவர் கேள்வி கேட்க, அவன் விடை சொல்லிப் பயின்றால் அக்குறை நீங்கும்.

அத்தேர்ச்சி நியமத்தின் சில அலகுகளில் மட்டும் தேறாவிட்டால் மனந்தளர வேண்டாம். தேறியவற்றுக்குப் பதிவு உண்டு, எஞ்சியவற்றைப் பின்னர் நிறைவுசெய்யலாம். 4ஆம் மட்டம் கைக்கு வந்ததும், தன் துறைக்குரிய டிப்ளோமா பாடநெறி பதுளைத் தொழில்நுட்பவியல் கல்லூரியில் உண்டா என்று விசாரிக்க வேண்டும். அதற்கும் மேலே செல்ல விரும்புவோருக்கு, 2008ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட தொழில்நுட்பவியல் தொழிற்கல்விப் பல்கலைக்கழகம் இருக்கிறது.

தோட்டப் பாடசாலை ஆசிரியர்களுக்கும் வாசகசாலை நடத்தும் இளைஞர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: உங்கள் லயத்தில் தொழில் தெரிந்தும் சான்றிதழ் இல்லாத ஒருவரைத் தேடி, அவரோடு அமர்ந்து அந்த விண்ணப்பத்தை நிரப்பிக்கொடுங்கள்.