புகலிடம் தேடி வந்தோர் கட்டிய பாடசாலை

ஊரைவிட்டு வெளிக்கிடும்போது நாம் எதை எடுத்துச் செல்கிறோம்? விதைநெல், உடுதுணி, காணி உறுதி. போய்ச் சேர்ந்த இடத்தில் மரநிழலில் வகுப்புத் தொடங்கும். எழுத்துப் பிடிபடாத பிள்ளையும் பேச்சு வராத பிள்ளையும் மட்டும் கொட்டிலிலேயே இருந்துவிடும். "இவனைப் பிறகு பார்ப்போம்" என்கிறோம். அந்தப் "பிறகு" பெரும்பாலும் வருவதில்லை.

இத்தகைய பிள்ளைகளுக்காகவே அகதிகள் சிலர் ஒரு பாடசாலையைத் தொடங்கினார்கள். அதன் வரலாற்றை இப்பாடத்தில் பார்ப்போம்.

கார்ல் கோனிக் 1902இல் ஒஸ்திரியாவின் வியன்னா நகரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தவர், குழந்தை வைத்தியர். 1938இல் அந்நாட்டை ஹிட்லர் கைப்பற்றியதும் தப்பி ஸ்கொட்லாந்து சென்றார். அவரோடு வியன்னாவில் பழகிய இளைஞர் சிலரும் வந்து சேர்ந்தனர். 1939இல் அபர்டீன் பகுதியில், நல்மனம் கொண்ட குடும்பமொன்று கொடுத்துதவிய வீட்டில், கற்பதில் இடர்ப்படும் பிள்ளைகள் சிலரை ஏற்றுப் பராமரிக்கத் தொடங்கினர்.

காம்ப்ஹில் என்னும் பெரிய வீட்டுக்கு மாற ஆயத்தம் செய்தபோது இடி விழுந்தது. 1940 மே மாதத்தில், எதிரி நாட்டிலிருந்து வந்தவர்கள் என்று ஆண்கள் தடுத்து வைக்கப்பட்டனர். பெண்கள் அவர்கள் திரும்பும்வரை காத்திருக்கவில்லை. 1940 ஜூன் 1ஆம் திகதி தாங்களே பிள்ளைகளோடு புது வீட்டில் குடியேறினர். காம்ப்ஹில் பாடசாலை பிறந்தது அன்றுதான்.

அது வளர்ந்த விதத்தில் நாம் கவனிக்க வேண்டியவை மூன்று.

முதலாவது, பராமரிப்போரும் பிள்ளைகளும் ஒரே வீட்டில் வாழ்ந்து ஒரே மேசையில் உண்டனர். பணிபுரிந்தோர் சம்பளம் பெறவில்லை. தேவைகள் பொதுவில் நிறைவேறின.

இரண்டாவது, வகுப்பறையோடு தோட்டமும் கைவேலையும் கல்வியாயின. எழுத முடியாத கைக்கும் நீர் ஊற்றவும் நெய்யவும் முடியும்.

மூன்றாவது, பிள்ளைகள் வளர்ந்து ஆளானபோது, இனி எங்கே போவார்கள் என்ற கேள்வி எழுந்தது. அதற்கு விடையாக 1955இல் இங்கிலாந்தின் யோர்க்ஷயரில் பொட்டன் என்னும் கிராமம் தொடங்கப்பட்டது. அங்கே அவர்கள் வயலிலும் பட்டறையிலும் உழைத்து வாழ்ந்தனர். கோனிக் 1966இல் மறைந்தார். இன்று காம்ப்ஹில் சமூகங்கள் 20க்கு மேற்பட்ட நாடுகளில் உள்ளன.

அரச சட்டம் பின்னரே வந்தது. ஸ்கொட்லாந்தில் எந்தப் பிள்ளையையும் கற்பிக்க முடியாதவரென ஒதுக்கக்கூடாது என்ற சட்டம் 1974இல்தான் நிறைவேறியது. சட்டத்துக்கும் கட்டடத்துக்கும் காத்திருந்தால், 1940இல் ஏற்கப்பட்ட பிள்ளைகள் கல்லாமலே வளர்ந்திருப்பார்கள்.

எல்லாவற்றையும் இழந்தவர்களுக்கும் கொடுப்பதற்கு ஒன்று இருக்கிறது. அது, ஒரு பிள்ளைக்கு நம் நடுவில் இடம்.

கூடிக் கலந்துரையாட:
1. எமது குடியிருப்பில் பாடசாலை செல்லாத பிள்ளைகள் எத்தனை பேர்? காரணம் என்ன?
2. அப்பிள்ளைகள் எந்த வேலையை விரும்பிச் செய்கிறார்கள்?
3. வாரத்தில் இரண்டு மணித்தியாலம் அவர்களோடு இருக்க எம்மில் யார் முன்வருவோம்?