ஐங்கொம்பு வண்டை அடையாளம் காண: முழுமையான வழிகாட்டி

காண்டாமிருக வண்டு என்றதும் தென்னங்குருத்தைத் துளைக்கும் கறுப்பு வண்டுதான் நமக்கு நினைவுக்கு வரும். அதே துணைக்குடும்பத்தைச் சேர்ந்தது யூபடோரஸ் பேரினம். வடகிழக்கு இந்தியாவிலிருந்து மியான்மர், தாய்லாந்து, வியட்நாம் வரை காடுகளில் வாழ்கிறது. நம் நாட்டில் காண்பது அரிது. கொம்புகளின் அழகு கண்ணை இழுக்கும். ஆனால் அவற்றைக் கடைசியில் பாருங்கள்.

படி 1: இடம்

மூங்கில் தோப்பில் தேடுங்கள். வளர்ந்த வண்டுகள் இளங்குருத்தின் சாற்றை நாடி வரும். இரவில் விளக்கொளிக்கும் வரும்.

படி 2: துணைக்குடும்பம்

உணர்கொம்பின் நுனி விசிறிபோல் விரியும் தகடுகளாக இருக்க வேண்டும். தலையை மேலிருந்து பார்க்கும்போது தாடைகளின் விளிம்பு வெளியே தெரிய வேண்டும். சாணவண்டுகளில் அது மறைந்திருக்கும்.

படி 3: நிறம்

இப்பேரினத்தில் புகழ்பெற்ற இனம் யூபடோரஸ் கிராசிலிகார்னிஸ்; ஐங்கொம்பு வண்டு என்பது இதுதான். 1908-இல் கில்பர்ட் ஆரோ பெயரிட்டது. தலையும் முன்மார்பும் பளபளக்கும் கறுப்பு. இறக்கை உறைகள் வைக்கோல் நிறம் அல்லது வெளிர்பழுப்பு. இந்த இருநிறம் தொலைவிலேயே தெரியும். தென்னை வண்டு உடல் முழுக்கக் கருமைதான்.

படி 4: கொம்புகள்

இங்கேதான் நிதானம் வேண்டும். நன்கு வளர்ந்த ஆண் கிராசிலிகார்னிஸின் தலையில் நீண்டு வளைந்த ஒரு கொம்பு, முன்மார்பில் நான்கு. ஆனால் ஐந்து இருந்தால்தான் யூபடோரஸ் என்று முடிவு கட்டாதீர்கள். அதே பேரினத்து பிர்மானிகஸுக்கு முன்மார்பில் இரண்டே கொம்புகள், முயல்காது மாதிரி நிமிர்ந்து நிற்கும்.

நீளத்தையும் நம்ப வேண்டாம். புழுப் பருவத்தில் சரியான இரை கிடைக்காத ஆணுக்குக் கொம்புகள் வெறும் முளைகளாகவே நின்றுவிடும். அப்போது கொம்பு எங்கிருந்து கிளம்புகிறது என்று பாருங்கள். சைலோட்ரூபஸ் என்ற வேறொரு காண்டாமிருக வண்டுப் பேரினத்தில் முன்மார்பின் நடுவிலிருந்து நுனி பிளந்த ஒற்றைக் கொம்பு முன்னோக்கி நீளும். தலைக்கொம்பும் கவையாகப் பிரியும். கிராசிலிகார்னிஸின் தலைக்கொம்பு பிரியாது.

பெண்ணுக்குக் கொம்பே கிடையாது. அருகில் ஆண் இல்லாதபோது, பெண்ணின் ஒரே படத்தை வைத்துப் பேரினம் சொல்வது சரியல்ல என்பது என் கருத்து.

படி 5: பதிவு

மேலிருந்து, பக்கவாட்டில், முன்னிருந்து எனப் படமெடுங்கள். பக்கவாட்டுப் படம் இல்லாவிட்டால் கொம்பின் வளைவு தெரியாது. அருகில் ஓர் அளவுகோல் வையுங்கள். தேதி, ஊர், கடல் மட்டத்திலிருந்து உயரம், அது இருந்த செடி ஆகியவற்றை அன்றே குறித்துவிடுங்கள். காப்புக்காடென்றால் வனத்துறை அனுமதியில்லாமல் பிடிக்க வேண்டாம். படமெடுத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.